ஒலிபெருக்கியில் விழும் 'டப்' என்ற அடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கினால் போதும், ஒலிபெருக்கித் தொல்லையைப் பற்றி உங்கள் வாசகர் பகுதியில் கடிதங்கள் வரிசை கட்டி வருகின்றன. படிக்கிற பிள்ளைகள், கைக்குழந்தைகள், இருதய நோயாளிகள் என்று எல்லோருக்காகவும் பரிந்து எழுதுகிறார்கள். மைக் செட் வைத்துப் பிழைக்கும் வீட்டுக்காரி சொல்கிறேன், அந்தக் கோபத்தில் முக்கால் பங்கு நியாயமானது. ஆனால் வருகிற கடிதங்கள் எல்லாம் சத்தம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடுகின்றன. பாட்டு முடிந்து அறிவிப்புக்கு மாறும்போதும், அறிவிப்பு முடிந்து மறுபடி பாட்டுக்குப் போகும்போதும் குழாய் ஒலிபெருக்கியிலிருந்து 'டப்' என்று ஓர் அடி விழுகிறதே, அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. மைக் செட் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஊரே ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பெரும்பாலும் சில்லறைக் காசில் தீரக்கூடிய கோளாறு அது.

கடலூர் முதுநகரில் எங்கள் கடை இருக்கிறது. பெட்டி ஏற்றுவது, குழாய் கட்டுவது, மேடையோரம் ஒலிகளைக் கலக்கும் மிக்சரைப் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் என் கணவர் பாடு. பழுது பார்ப்பது என் பாடு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நான். தொடக்கத்தில் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், "அண்ணன் இல்லையா அண்ணி?" என்று கேட்டுவிட்டு அதை அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு போவார்கள். இப்போது அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாலும் அவரைத் தாண்டி என் மேசைக்கு வந்துவிடுகிறார்கள். அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது, டீ குடிக்கப் போகலாம்.

சத்தத்துக்குச் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலங்களில் மாநில அரசு நள்ளிரவு 12 மணிவரை தளர்வு தரலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த வரம்புகள் ஒரு கால அளவு முழுவதற்கும் சேர்த்துச் சராசரி பார்ப்பவை. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத அடி அந்தச் சராசரியில் கரைந்து போய்விடும். அளக்க வருகிற அதிகாரியின் மீட்டரில் அது தனியாக நிற்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் கண்ணயர்ந்திருக்கும் பாட்டிக்குச் சராசரிக் கணக்கெல்லாம் தெரியாது. ஒரு மணி நேரம் ஓடிய பாட்டில் எழுந்திராதவர், அந்த ஓர் அடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார். ஓடிக்கொண்டிருக்கிற சத்தத்துக்குக் காது பழகிக்கொள்ளும். ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று எழும்புகிற ஒலிக்கு உடம்பு தானாகத் துள்ளும். அதை அடக்குவது யார் கையிலும் இல்லை.

திடுக்கிடுவதோடு போனாலும் பரவாயில்லை, அடுத்து வருகிற சொல்லையும் அது விழுங்கிவிடுகிறது. பலத்த ஒலி ஒன்று கேட்டு முடிந்தபின் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்வரை காது மெலிந்த ஒலிகளைச் சரியாகப் பிடிக்காது. சில ஆம்ப்ளிஃபையர்களில், சத்தம் எல்லை மீறாமல் தானாகவே குறைத்துக்கொள்ளும் அமைப்பு இருக்கும். அது அந்த அடியைப் பார்த்து மிரண்டு மொத்த ஒலியையும் கீழே இழுத்துவிட்டு, மெல்லத்தான் மேலே விடும். ஆக, முதல் சொல் போயிற்று. கல்யாண மண்டபத்தில் முதல் சொல் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. புயல் எச்சரிக்கையில் போனால்? சைரன் ஊதுகிறார்கள். பிறகு மைக்குக்கு மாற்றுகிறார்கள். 'டப்.' அதன்பின் கேட்பது, "கடலுக்குச் செல்ல வேண்டாம்". யாருக்குச் சொன்னார்கள், எந்த ஊருக்குச் சொன்னார்கள் என்பது அந்த அடியோடு போய்விட்டது. கரையோரத்தில் ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடக்கும் குப்பங்களில், காற்றும் வீசிக்கொண்டிருக்கும்போது, ஊர்ப் பெயர் கேட்காமல் போவது சின்ன விஷயம் இல்லை.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியதும் இந்தப் பக்கத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த கதை உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் கைகொடுப்பது பேட்டரியில் ஓடும் கை ஒலிபெருக்கிதான். அதில் சைரனுக்கும் பேச்சுக்கும் ஒரு தள்ளு சுவிட்ச், பேசும்போது அழுத்திப் பிடிக்க ஒரு விசை. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் உள்ளே மின்சாரம் புதிதாகப் பாய்ந்து நிலைகொள்ள ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில்தான் அடி விழும். நம் ஆட்கள் அழுத்துவதும் பேசுவதும் ஒரே மூச்சில் செய்கிறார்கள். அழுத்தி, மனத்துக்குள் 'ஒன்று' என்று எண்ணி, பிறகு வாயைத் திறந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இதற்குப் பணமும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம்.

இனி இந்த அடி எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். மாசி மகத் தீர்த்தவாரிக்கு முன்னால் தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து ஓர் ஆம்ப்ளிஃபையர் வந்தது. பழைய 250 வாட்ஸ் பெட்டி. முன்பக்கத்தில் பாட்டு, மைக், சைரன் என்று மாற்றுவதற்குத் திருகும் குமிழ் ஒன்று. "அண்ணி, குமிழைத் திருப்பினால் வெடி வெடிக்கிற மாதிரி இருக்கிறது, சாமி ஊர்வலத்தில் குழந்தைகள் அலறுகிறார்கள்" என்றார் கொண்டுவந்த தம்பி. மூடியைக் கழற்றினால் வழக்கமான காட்சிதான்: திருகாணிகளின் தலையில் பச்சை பூத்திருக்கிறது, மூலையில் காய்ந்துபோன பல்லி ஒன்று, தூசியோடு கடற்காற்றின் பிசுக்கு. அதையெல்லாம் தொடாமல் மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்தேன். கறுப்பு முனையைப் பெட்டியின் உலோகச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையால் குமிழுக்குப் பின்னால் கம்பி பற்றவைத்திருக்கும் காதுகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன். பாட்டு வழியில் 2 மில்லிவோல்ட். ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மைக் வழியில் 210. சைரன் வழியில் எண் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தது.

குமிழின் காதுகளில் டி.சி. இருக்கவே கூடாது. பாட்டும் பேச்சும் ஆடி அசையும் மின்சாரம், டி.சி. என்பது அசையாமல் நிற்கும் மின்சாரம். முந்தைய கட்டத்தின் டி.சி. குமிழுக்கு வந்துவிடாமல் தடுப்பதற்காகவே வழியில் ஒரு கண்டென்சரை (மின்தேக்கியை) போட்டிருப்பார்கள். வருடக்கணக்கில் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த கண்டென்சர் மெல்லக் கசியத் தொடங்கும். மைக் வழியின் 210 மில்லிவோல்ட் அந்தக் கசிவுதான். சைரன் வழியின் கதை வேறு: கண்டென்சர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் வெளிமுனையைத் தரையோடு, அதாவது மின்சுற்றின் பூஜ்ய வோல்ட் முனையோடு, சேர்க்க ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) கூடப் போடாமல் அந்தரத்தில் விட்டிருந்தார்கள். குமிழ் வேறு வழியில் இருக்கும் நேரமெல்லாம் அந்த முனை கொஞ்சம் கொஞ்சமாக மின்னேற்றம் வாங்கிக்கொண்டு காத்திருக்கும். குமிழைத் திருப்பியதும் சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரே அடியாக இறக்கும்.

இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவில் ஒரு மதகு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் பலகையைத் தூக்கினாலும் சலசலப்பு இருக்காது. ஒரு சாண் வித்தியாசம் இருந்தால் தண்ணீர் பாய்ந்து கரையை அரிக்கும். குமிழ்தான் அந்த மதகு. 2-லிருந்து 210-க்குத் தாவுகிற அந்த மட்ட வித்தியாசம், அடுத்த கட்டங்களில் முப்பது மடங்கு பெருகினால் ஆறு வோல்ட்டுக்கு மேல். நீளமான லைனுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போகும்போது இன்னும் உயரும். "வழியில் வேறு கண்டென்சர்கள் இருக்கின்றனவே, அவை தடுக்காதா?" என்று கேட்கலாம். கண்டென்சர் தடுப்பது அசையாமல் நிற்கிற வோல்ட்டை மட்டும். தாவுகிற வோல்ட்டை அது தாராளமாக உள்ளே விடும். அதுவும், செங்குத்தாக எழும்புகிற தாவலில் கீழ்ச் சுருதி முதல் மேல் சுருதிவரை எல்லாமே கலந்திருக்கும். நெஞ்சில் இடிக்கிற 'தொம்' கீழிருந்து வருவது, காதைக் குத்துகிற 'டிக்' மேலிருந்து வருவது.

பழுது நீக்கியது இவ்வளவுதான்: கசிந்த கண்டென்சருக்குப் புதியது. ஒவ்வொரு வழியிலும் கண்டென்சருக்குப் பின்னால், குமிழுக்கு முன்னால், தரைக்கு ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர். அவ்வளவு பெரிய மதிப்பு பாட்டின் ஒலியைத் தொடாது. ஆனால் அந்தரத்தில் நிற்கிற மின்னேற்றத்தை ஓசையில்லாமல் வடித்துவிடும். 1 மைக்ரோஃபாரட் கண்டென்சரோடு 1 மெகா ஓம் சேர்ந்தால் கால அளவு ஒரு நொடி. ஐந்து நொடியில் எல்லாம் வடிந்து மட்டம் ஒன்றாகிவிடும். மூன்று ரெசிஸ்டரும் சேர்ந்து ஒரு டீ விலை வராது. பெட்டியைச் செய்தவர் இந்த டீ விலையை மிச்சம் பிடித்திருக்கிறார்; அதற்கு ஊர் முழுவதும் இத்தனை காலம் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

குமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருகு சுவிட்சில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பழைய வழியை விட்டுவிட்டுப் புதிய வழியைப் பிடிப்பது. இன்னொன்று, புதிய வழியைப் பிடித்துக்கொண்ட பிறகு பழையதை விடுவது. முதல் ஜாதியில், விட்டதற்கும் பிடித்ததற்கும் நடுவில் ஆம்ப்ளிஃபையரின் வாய் ஒரு கணம் திறந்தபடி நிற்கும். அந்த இடைவெளியில் அருகில் உள்ள மின்கம்பியின் உறுமலை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். இரண்டாம் ஜாதியில் அந்த இடைவெளி கிடையாது. ஆனால் ஒரு கணம் இரண்டு வழியும் ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு வழியிலும் தொடராக ஒரு சிறிய ரெசிஸ்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் வெளிமுனை மற்றொன்றின் தலையில் ஏறிக்கொள்ளும். கேட்டு வாங்கினால் இரண்டும் கிடைக்கும். கேட்காமல் வாங்கினால் முதல் ஜாதிதான் கைக்கு வரும்.

நம் ஊர்க் காற்றுக்கு இன்னொரு குணம். சுவிட்சின் தொடுமுனைகளில் வெள்ளி முலாம் கறுத்துவிடும்; பித்தளை பச்சையாகிவிடும். தொடுமுனை விட்டு விட்டுத் தொட்டால் அடியோடு கரகரப்பும் சேர்ந்துகொள்ளும். இதற்கு உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் அது மறுபடி கறுக்கும், பிறகு சுவிட்சையே தூக்கி எறிய வேண்டியதுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, குமிழை முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் திருப்பினால் போதும்.

மட்டத்தைச் சரிசெய்த பிறகும் ஒரு சின்ன 'டிக்' மிஞ்சும். பாட்டின் அலை உச்சியில் இருக்கும்போது அதை வெட்டி எறிந்தால் அந்த வெட்டே ஒரு தாவல்தான். அதற்கு மருந்து, வெட்டாமல் தணிப்பது. முதலில் ஒலியைத் தரையில் இறக்கி வாயை மூடவேண்டும், மூடிய வாயோடு வழியை மாற்றவேண்டும், மாறி நிலைகொண்டபின் மெல்லத் திறக்கவேண்டும். மனிதன் கையால் செய்தால் ஒரு நொடி, மின்சுற்று தானாகச் செய்தால் நொடியில் இருபதில் ஒரு பங்கு. கேட்பவருக்கு இடைவெளி விழுந்ததே தெரியாது.

இதை நான் எங்கள் பெட்டிகளில் எப்படிச் செய்கிறேன் என்றால், ஒரு எல்.இ.டி.யையும் ஒரு எல்.டி.ஆரையும் முகத்துக்கு முகம் வைத்துக் கறுப்புச் சுருங்கு குழாயில் அடைத்துச் சூடு காட்டி இறுக்கிவிடுவேன். எல்.டி.ஆர். இருட்டில் மெகா ஓம் கணக்கில் தடுக்கும், வெளிச்சம் பட்டால் சில நூறு ஓமுக்கு இறங்கும். பாட்டு எல்.டி.ஆர். வழியாகப் போகிறது, சுவிட்ச் தொடுவது எல்.இ.டி.யை மட்டும். ஒலி போகிற பாதையில் உலோகம் உலோகத்தைத் தொடுகிற இடமே இல்லை. எல்.டி.ஆருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் சோம்பல் உண்டு, வெளிச்சம் போனாலும் உடனே விட்டுவிடாது. மற்ற வேலைகளுக்குக் குறையாகத் தெரிகிற அந்தச் சோம்பல் இங்கே குணம். பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சிக்காகக் கடைகளில் தொங்கவிட்டு விற்கிறார்களே, அதே எல்.டி.ஆர்.தான். கேட்மியம் சேர்ந்த பொருள், உடைந்தால் சமையலறைக் குப்பையில் போடாதீர்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

உள்ளே மின்னணு சுவிட்சுகள் அடங்கிய 4066, 4053 என்ற ஐ.சி.க்களை வைத்தும் செய்யலாம். விலை குறைவு, நான்கைந்து வழிகளை ஒரே இடத்தில் அடக்கலாம். ஒரே நிபந்தனை, ஒலியின் ஏற்ற இறக்கம் ஐ.சி.க்குக் கொடுக்கும் வோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். ஒற்றை சப்ளையில் ஓட்டினால் எல்லா வழிகளையும் அந்த வோல்ட்டின் சரிபாதியில் நிறுத்தி வைக்க வேண்டும். ஒன்று சரிபாதியிலும் இன்னொன்று கொஞ்சம் தள்ளியும் நின்றால் மட்ட வித்தியாசம் மறுபடி வந்துவிடும். ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சை வைக்கிறவர்கள் அதன் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றைத் தலைகீழாகப் போட மறக்கக் கூடாது. போடாவிட்டால் சுருள் விடும்போது உதைக்கிற உதை பக்கத்துக் கம்பிகளில் ஏறிக் குழாயில் வந்து கேட்கும்.

எவ்வளவு நேரம் தணிக்க வேண்டும் என்பதில் குழாய்க்கும் பெட்டி ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் உண்டு. தெருவில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் பாடாது. அதற்கு 20 மில்லி நொடித் தணிப்பே தாராளம். 18 அங்குல ஸ்பீக்கர் போட்ட பெட்டிகள் அடிவயிற்றுச் சுருதியையும் வெளியே தள்ளும். அவற்றுக்கு இன்னும் நிதானம் வேண்டும். மஞ்சக்குப்பம் மைதானத்தில் அப்படி ஒரு வரிசையை நிறுத்தி வைத்துவிட்டுக் கைபேசியின் கம்பியைச் சத்தம் குறைக்காமல் வெடுக்கென்று பிடுங்கினால் என்ன ஆகும் என்று அங்கே நின்றவர்களைக் கேளுங்கள்.

அந்தக் கைபேசிக் கம்பிதான் இன்றைக்கு முதல் எதிரி. அதன் முனையைச் சொருகும்போதும் உருவும்போதும் நுனியும் வளையமும் தொடக்கூடாத இடங்களைத் தொட்டுக்கொண்டுதான் போகும். அந்த ஜாக்கின் அமைப்பே அப்படி. எந்த ரெசிஸ்டரும் இதற்கு உதவாது. மிக்சரில் அந்த வழியைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு உருவவேண்டும். 48 வோல்ட் கேட்கிற மைக்குகளும் அப்படித்தான். அந்த வோல்ட்டைக் கொடுக்கும்போதும் நிறுத்தும்போதும் மைக்கின் வழி மூடியிருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரை எல்லாவற்றுக்கும் கடைசியில் போடவேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் நிறுத்தவேண்டும். இவையெல்லாம் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடங்கள். ஆனால் பெட்டி தூக்க வருகிற பையன்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பேச்சாளர்களுக்கும் ஒன்று: மைக்கில் இருக்கும் சுவிட்சை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். என் கணவர் அந்தச் சுவிட்சின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றித்தான் மேடைக்கு அனுப்புகிறார். அதையும் நகத்தால் பிரித்து எடுத்துவிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

பதிவு செய்த அறிவிப்புகளில் அடி விழுந்தால் அதற்குக் கம்பியும் காரணமில்லை, குமிழும் காரணமில்லை. கணினியில் அறிவிப்பை வெட்டும்போது அலையின் நடுவில் வெட்டியிருப்பார்கள். அலை பூஜ்யத்தைக் கடக்கிற இடத்தில் வெட்டி, தலைப்பிலும் முடிவிலும் 10 மில்லி நொடி ஏற்ற இறக்கம் கொடுத்தால் அடி இருக்காது. ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். பதிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் டி.சி.யை நீக்கவும் அதில் வசதி உண்டு. கல்லூரிப் பிள்ளை யாரைக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுக்கும். ஆனாலும் காசு கொடுத்து, நல்ல குரலாகத் தேடிப் பதிவு செய்த அறிவிப்புகள் பொது இடங்களில் ஒவ்வொரு முறையும் ஓர் அடியோடு தொடங்கி ஓர் அடியோடு முடிகின்றன. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசுகிறது.

எங்கள் தொழில்காரர்களிலேயே இதற்கு எதிர்ப்பேச்சு உண்டு. "அந்த ஒரு தட்டு விழுந்தால்தானே அக்கா கூட்டம் திரும்பிப் பார்க்கும்" என்கிறார்கள். கூட்டத்தைத் திருப்பத்தான் வேண்டும் என்றால் இரண்டு சுரத்தில் மணியோசை ஒன்றைப் போடுங்கள், ரயில் நிலையத்தில் போடுவதுபோல. அது அழைப்பு. இது அடி. அதுமட்டுமின்றி இந்த அடி அவர்கள் சொத்தையே தின்கிறது. குழாயின் டிரைவர் யூனிட்டுக்குள் இருக்கும் டயாபிராம் என்ற அதிரும் தகடு மெல்லியது. அதன் சுருள், ஒரு கூந்தல் இழை அகலத்துக்குள் ஆடுகிற பொருள். ஒவ்வொரு தாவலும் அதை இருக்கையை விட்டு எற்றுகிறது. கொஞ்ச நாளில் சுருள் உரசும், பிறகு குரல் ஈயத்தட்டில் பேசுகிற மாதிரி ஆகும், பிறகு என் மேசைக்கு வரும். டயாபிராம் மாற்றுகிற வேலையில் எனக்கு வருமானம் இருக்கிறது. இருந்தும் சொல்கிறேன்.

தனியார் மைக் செட்டைக் கட்டுப்படுத்துவது கடினம். பொதுப் பணத்தில் வாங்குகிற கருவிகளைக் கட்டுப்படுத்தலாம். கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சியோ ஊராட்சியோ, பள்ளியோ பஸ் நிலையமோ, கடற்கரையில் எச்சரிக்கைக்கு வைக்கிற ஒலிபெருக்கியோ, எது வாங்கினாலும் எத்தனை வாட்ஸ், எத்தனை குழாய், எத்தனை மீட்டர் கம்பி என்று டெண்டரில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கச் சொல்லி உங்கள் பத்திரிகை மூலம் கேட்கிறேன்: "ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்கு மாற்றும்போதும், மின்சாரம் வரும்போதும் போகும்போதும், ஒலிபெருக்கியில் அடிச்சத்தம் கேட்கக் கூடாது, பணம் கொடுப்பதற்கு முன் இதைச் சோதித்துக் காட்ட வேண்டும்."

சோதனையில் ஏமாறாமல் இருப்பதற்கு ஒரு குறிப்பு. விற்க வருகிறவர் குமிழைச் சடசடவென்று இரண்டு சுற்று சுற்றிக் காட்டி, "பாருங்கள் சார், சத்தமே இல்லை" என்பார். வேகமாகச் சுற்றினால் கண்டென்சர்கள் மின்னேற்றம் வாங்க நேரம் கிடைக்காது, ஆகவே அடியும் விழாது. ஒலி அளவை வழக்கமாக வைக்கிற இடத்தில் வைத்து, குமிழை ஒரு வழியில் விட்டுவிட்டு, எல்லோரும் போய் நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வந்து அடுத்த வழிக்குத் திருப்புங்கள். அப்போது விழுகிற சத்தம்தான் அந்தக் கருவியின் உண்மையான குணம். ஒவ்வொரு வழிக்கும் இப்படியே செய்ய வேண்டும். அரை நாள் ஆகும். பத்து வருடம் கேட்கப்போகிற சத்தத்துக்கு அரை நாள் அதிகமில்லை.

தெருக்கோயில்களும் சங்கங்களும் டெண்டர் போட்டு வாங்குவதில்லை, கைவசம் இருக்கும் பழைய பெட்டியைத்தான் ஓட்டுகின்றன. மூடியைக் கழற்றி அந்த 1 மெகா ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைக்க, அக்கம்பக்கத்தில் சால்டரிங் தெரிந்த யாராக இருந்தாலும் போதும். பெட்டியை மின்சாரத்திலிருந்து கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் வடியும்வரை பொறுத்துத் தொடச் சொல்லுங்கள். எங்களிடம் கொண்டுவருகிறவர்கள் ஆடி பிறப்பதற்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது. அதன்பின் மேசையில் இடம் இருக்காது.

இப்படிக்கு,
மைக் செட் பழுது பார்க்கும் வாசகி,
கடலூர் முதுநகர்.